நன்றிப் பட்டியலில் ஏழாவது பெயர்

இதில் யாருடைய பெயரும் வராது. மனிதர் பெயர், தோட்டத்தின் பெயர், நான் எடுத்த படத்தின் பெயர், எதுவும். எழுதி முடித்த பிறகு நாலு தடவை படித்துப் பார்ப்பேன், எங்காவது ஒன்று தப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. இவ்வளவு பயம் எதற்கு என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பழனிசெட்டிபட்டியில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று விசேஷ வீடியோ எடுப்பதுதான் பிழைப்பு. கவலை எனக்குக் கூடப்பிறந்தது. கடையைப் பூட்டிவிட்டு பைக்கில் ஏறுவேன், பாதி தூரம் போனதும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தாலி கட்டும் நேரத்தில் பேட்டரி நின்றுவிடுமோ என்று மூன்று பேட்டரி எடுத்துப் போவேன். மூன்றும் சேர்ந்து நின்றுவிட்டால்? நான்காவது ஒன்று சட்டைப்பையில் இருக்கும். என் மனைவி தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். "நடக்காத எல்லாத்துக்கும் நீங்க தயாரா இருக்கீக. நடக்கப்போறது மட்டுந்தேன் ஒங்க கண்ணுக்குத் தெரியாது" என்பாள். அப்போதெல்லாம் அதைக் கேட்டுச் சிரிப்பேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு காதுகுத்து வீடியோவில் தாய்மாமன் பெயரை விட்டுவிட்டேன். எங்கள் பக்கம் விசேஷ வீடியோவின் கடைசியில் நன்றி அட்டை ஓடும். சீர் கொண்டுவந்தவர், பந்தல் போட்டவர், பரிமாறியவர் என்று தலைப்பெழுத்தோடு, ஊரோடு, பெயர்கள் கீழிருந்து மேலே போகும். அதில் மாமன் பெயர் இல்லை. மறுநாள் நாலு பேரோடு கடைக்கு வந்துவிட்டார்.

"ஏலே, மடியில உக்கார வச்சுக் காது குத்துனது ஆரு?"

"நீங்கதாண்ணே."

"தண்ணி லாரிக்காரன் பேரு ஓடுது. எம் பேரு எங்கன? நான் என்ன, வேடிக்கை பாக்க வந்தவனா?"

காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு, எல்லாப் பிரதியையும் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். எங்கே படம் எடுக்கப் போனாலும், ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தவர் பெயரைக்கூட அதில் எழுதிக்கொள்வேன். கடைசியில் நோட்டைப் பார்த்து அப்படியே அட்டையில் ஏற்றிவிடுவேன். யோசிப்பதே இல்லை, கை பாட்டுக்குச் செய்யும். அதற்குப் பிறகு யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

ஆடியிலும் மார்கழியிலும் விசேஷம் கிடையாது. அந்த மாதங்களில் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேகமலைப் பக்கம் போக ஆரம்பித்தேன். சின்னமனூரிலிருந்து மேலே போகும் சாலையில், ஒரு காட்டுமாடு பாலித்தீன் பையை மென்றுகொண்டு நின்றதை எடுத்து இணையத்தில் போட்டேன். நிறையப் பேர் பார்த்தார்கள். தேனியில் இந்த மாதிரி விஷயங்களில் அக்கறை உள்ள சில நண்பர்கள் தேடி வந்தார்கள். "நீங்க முழுசா ஒரு படம் எடுங்க, நாங்க ஆளுகளக் கூட்டிப் போட்டுக் காட்டுறோம்" என்றார்கள். எனக்கு அந்த ஆசை ஏற்கெனவே இருந்தது. யாராவது கேட்டால் தப்பாகிவிடுமோ என்று சொல்லாமல் இருந்தேன்.

படத்துக்கான விஷயம் தானாகவே வந்து விழுந்தது. கம்பத்துப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில், கல்யாணத்துக்கு முந்தின ஜோடிப் படம் எடுக்கப் போயிருந்தேன். இப்போது எல்லா ஜோடிக்கும் திராட்சைப் பந்தலுக்கடியில் நிற்க வேண்டும். மாலையில் கடையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டும்போதுதான் கவனித்தேன். பையனும் பெண்ணும் கைகோத்துச் சிரிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், கல்தூண் ஓரமாக ஒரு மயில் நடந்து போகிறது. இரண்டடி வைக்கிறது, சாய்கிறது, தலை தரையில் இடிக்கிறது. திரும்ப எழுகிறது. நான் அதை இருபது தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன்.

மறுபடி அந்தத் தோட்டத்துக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். தோட்டத்துக்கு மருந்தடிக்கிற ஆள். ஐம்பதை நெருங்கிய வயது. மோட்டார் ரூமை ஒட்டி இறக்கிய தகரக் கொட்டகையில் மனைவியோடு குடியிருந்தார். முதலாளி இருப்பது கம்பத்தில். இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார். மூன்றாவது தடவை போனபோதுதான் மருந்தடிக்கிறவர் வாய் திறந்தார். அதற்கும் நான் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. ஜோடிப் படத்தில் இருந்த மயிலை போனில் காட்டினேன், அவ்வளவுதான். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது மறுநாத்தேன் செத்துச்சு" என்றார்.

கேமரா முன்னால் பேச முடியுமா என்று கேட்டேன். பேசினால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். மயிலைக் கொன்றால் ஜெயில்.

"மூஞ்சி வராதுல்ல தம்பி?"

"வராதுண்ணே. சத்தியமா வராது."

"கொரலு?"

"அதையும் மாத்திருவேன்."

"பொம்பளக் கொரலா மாத்திராதீக. எம் பொண்டாட்டி பாத்தாச் சிரிப்பா."

பந்தலுக்கடியில் உட்கார்ந்து பேசினார். பழம் நிறம் மாறும்போது மயில் கூட்டமாக இறங்கும் என்றார். வலை கட்டிப் பார்த்தது, தகரம் தட்டிப் பார்த்தது எல்லாம் சொன்னார். "அப்புறந்தேன் பூச்சி மருந்தக் கம்புத் தானியத்துல கலந்து வரப்புல தூவுனேன். விடிஞ்சு பாத்தா அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணுன்னு கெடக்கு. குழி வெட்டிப் போட்டேன். ஒண்ணு மட்டும் சாகல தம்பி. தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு எங்க வாசல்ல வந்து நின்னுச்சு. தண்ணி வச்சேன். அதுக்குக் குடிக்கத் தெரியல. மூக்கத் தண்ணிக்குள்ள வைக்குது, எடுக்குது, வைக்குது."

"ஆருண்ணே கலக்கச் சொன்னது?"

"அவுகதேன்."

அவ்வளவுதான் சொன்னார். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் முதலாளியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். இல்லாத இடத்திலும் சொல்ல மாட்டார்கள். அது பயம் மட்டுமில்லை, பழக்கம். எனக்கும் அதே பழக்கம்தான் என்பதால், பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

கிளம்பும்போது நோட்டை எடுத்தேன். வழக்கம்தானே. அவர் பெயரை எழுதப் போனேன்.

"குடுங்க, நானே எழுதுறேன். பேரு மட்டும் எனக்கு எழுதத் தெரியும்."

முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, அடுப்பில் விறகை வைப்பதுபோல் பார்த்துப் பார்த்து வைத்தார். நடுவில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. தலைப்பெழுத்தும் ஊரும் நான் சேர்த்துக்கொண்டேன். விட்ட எழுத்தையும் நானே நுழைத்துச் சரிசெய்தேன்.

படத்தை முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருஷமும் என் கவலை முழுக்க அவர்தான். முகத்தை மங்கலாக்கினேன். அது போதாதென்று கையிலிருந்த தழும்பையும் மங்கலாக்கினேன். குரலை மாற்றினேன். கல்தூணில் பெயின்டில் எழுதியிருந்த எண் ஒரு இடத்தில் தெரிந்தது. அந்தக் காட்சியையே வெட்டினேன். பின்னால் கேட்ட கோயில் ஒலிபெருக்கியை எடுத்தேன், எந்த ஊர்க் கோயில் என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று. மனைவியை உட்கார வைத்துக் காட்டி, "இது எந்தத் தோட்டம்னு தெரியுதா? இது ஆருன்னு தெரியுதா?" என்று கேட்டேன். அவள், "எனக்கு நீங்க எடுத்ததுன்னுகூடத் தெரியல" என்றாள். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு நன்றி அட்டையைத் தட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் படத்தைப் போட்டார்கள். முந்தின நாளே நான் இணையத்திலும் ஏற்றிவிட்டிருந்தேன். விவசாயிகள், கடைக்காரர்கள், வாத்தியார்கள் என்று நாற்பது பேர் இருக்கலாம். மயில் தண்ணீருக்குள் மூக்கை வைக்கும் கதையை அவர் சொல்லும்போது கூடத்தில் ஒருவரும் போனைத் தொடவில்லை. படம் முடிந்து கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடுதான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றி அட்டை ஓடிக்கொண்டிருந்தது.

ஏழாவது பெயர் அவருடையது. தலைப்பெழுத்தோடு, ஊரோடு.

எழுந்து ஓடிப்போய்த் திரையை மறைத்தேன் என்று எழுத ஆசைதான். நான் எழவில்லை. அந்தப் பெயர் கீழிருந்து மேலே ஏறி, மேல் விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் ஆட்கள் படத்தைப் பார்க்காவிட்டாலும் பெயர்ப் பட்டியலைப் பார்ப்பார்கள், நம்ம ஊர் ஆள் யாராவது இருக்கிறார்களா என்று. நாலைந்து பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்ததும் கம்பத்துப் பக்கத்துக்காரர் ஒருவர் தோளில் கை போட்டார்.

"படம் அருமை தம்பி. அந்த ஏழாவதா வந்த பேரு, திராட்சைத் தோட்டத்துல மருந்தடிக்கிறவருதான? பேசுனது அவரா?"

"இல்லண்ணே" என்றேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி" என்று சிரித்தார்.

இணையத்திலிருந்து படத்தை அங்கேயே எடுத்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான இடத்தில் அழுத்தினேன். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனேன். அவ்வளவு தூரமும் ஒரே எண்ணம்: வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். உத்தமபாளையத்தில் நின்று போனைப் பார்த்தேன். யாரோ நன்றி அட்டையை மட்டும் தன் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்.

தோட்டத்தில் மருந்தடிக்கிறவர் டேங்க்கைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவர் முதலில் கேட்ட கேள்வியை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"எம் பேரு பெருசா வந்துச்சா?"

"அண்ணே, நான் என்ன சொல்றேன்னு..."

"ரேசன் கார்டத் தவிர வேற எங்கனயும் எம் பேர அச்சுல பாத்தது இல்ல தம்பி. காட்டுங்க, பாப்போம்."

காட்டினேன். விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். அவர் மனைவி கொட்டகைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். அவருக்கு ஒரே நிமிஷத்தில் விளங்கிவிட்டது.

"தம்பி, மூஞ்சிய மறைக்கத் தெரிஞ்சுச்சு. கையி, காலு, கொரலு எல்லாத்தையும் மறைக்கத் தெரிஞ்சுச்சு. பேர மறைக்கத் தெரியலயா?"

நான் போனை அணைத்துப் பையில் வைத்தேன்.

"நன்றின்னு வேற போட்டிருக்கீக" என்றார். அதற்குமேல் என்னிடம் பேசவில்லை.

சொந்தக்காரர் வீட்டுக்கு எங்காவது பத்து நாள் போய்விடுங்கள் என்று கணவரிடம் கெஞ்சினேன். அவர் டேங்க்கைக் கவிழ்த்து வைத்தார். "கொடி வெட்டிக் கவாத்து முடிஞ்சு துளிர் வந்துக்கிட்டிருக்கு. இப்பப் போனா மருந்தடிக்க ஆளு இல்ல. அவுக வைவாக" என்றார். அவருடைய அன்றைய கவலை அதுதான். என் கவலையில் ஒரு துளிகூட அவருக்கு ஒட்டவில்லை.

மூன்றாம் நாள் காலை வனத்துறையினர் வந்தார்கள். மோட்டார் ரூமுக்குப் பின்னால் தோண்டினார்கள். தோகையும் எலும்பும் கிடைத்தன. அவரைக் கூட்டிப்போய்விட்டு, மத்தியானம் என்னையும் வரச் சொன்னார்கள். வெட்டாத, மறைக்காத மூலப்பதிவு வேண்டும் என்றார்கள். வக்கீலைக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். என் வயதுக்கும் அனுபவத்துக்கும் அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மெமரி கார்டு ஏற்கெனவே என் சட்டைப்பையில் இருந்தது. கேட்பார்களோ என்ற பயத்தில் காலையிலேயே எடுத்து வைத்திருந்தேன். கேட்டதும் கொடுத்துவிட்டேன்.

கொடுத்ததற்கு ஒரு காரணமும் மனசுக்குள் வைத்திருந்தேன். அவர் 'அவுக சொன்னாக' என்ற மாதிரிச் சொல்லியிருக்கிறாரே, அதைக் கேட்டால் கலக்கச் சொன்னது யார் என்று தெரிந்துவிடும், பாரம் அந்தப் பக்கம் போய்விடும் என்று. அதிகாரி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். அந்த இடம் வந்ததும் நிறுத்தினார்.

"யாருய்யா அந்த அவுக?"

முதலாளி அதே அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விசாரிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மருந்தடிக்கிறவர் சுவரோரமாக நின்றார். தலையை நிமிர்த்தவில்லை.

"அவுகதேன் சார்" என்றார் மெதுவாக.

"பேரு இல்லையா அவருக்கு?"



முதலாளி முந்திக்கொண்டு பேசினார். "நான் கம்பத்துல இருக்கேன் சார். இவன் என்னத்தக் கலந்தான், எங்கன போட்டான்னு நான் எப்பிடிப் பாக்க முடியும்? நம்பித் தோட்டத்த விட்டேன். இப்பிடிப் பண்ணிப்புட்டான்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்கதான எடுத்தீங்க. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். ஒரே ஒரு பெயரைச் சொன்னால் போதும். அந்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரின் பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. அவருக்கு எத்தனை பேரைத் தெரியும், என் கடை எங்கே இருக்கிறது, என் மனைவி எந்தக் கடைக்கு எத்தனை மணிக்குப் போகிறாள், எத்தனை மணிக்குத் திரும்புகிறாள் என்று வரிசையாக ஓடியது. "அவர் என்கிட்டப் பேரு சொல்லல சார்" என்றேன். அது பொய்யில்லை. அதனால்தான் அது இவ்வளவு கேவலமாக இருக்கிறது.

சுவரோரம் நின்றவர் அப்போது ஒருமுறை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. தோட்டத்தில் வந்து உட்கார்ந்த மயிலைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மறுநாளே தகரக் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு காமயகவுண்டன்பட்டியில் தன் தங்கை வீட்டுக்குப் போனார். ஜாமீன் கிடைக்கிறவரை கணவர் ஜெயிலில் இருந்தார். வெளியே வந்தபோது நிபந்தனை: தினமும் காலை பத்து மணிக்குக் கோர்ட்டுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

பத்து மணிக்குக் கையெழுத்து என்றால் வேலை கிடையாது என்று அர்த்தம். தோட்ட வேலை விடியும்போது தொடங்கிவிடும். கேரளா பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப் கம்பத்திலிருந்து அதற்கும் முன்னாலேயே கிளம்பிவிடும். இப்போது அந்த ஜீப்பில் அவர் மனைவிதான் போகிறார். எல்லை தாண்டிப் போய் ஏலக்காய் பறித்துவிட்டு இருட்டும்போது வருகிறார். எந்தத் தோட்டத்திலும் இவரை மருந்தடிக்கக் கூப்பிடுவதில்லை. "கேமராவுல பேசுற ஆளப்பா" என்கிறார்களாம்.

அந்தத் தோட்டத்தில் இந்த வருஷமும் பழம் நிறம் மாறியது. மருந்தடிக்க வேறு ஆள் வந்துவிட்டார். மயில்கள் இறங்குகின்றனவா, இறங்கிய மயில்கள் திரும்பிப் போகின்றனவா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. மேகமலைக்கும் போகவில்லை. தேனி நண்பர்கள் படத்தை அந்த ஒரு பெயரை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி போடலாம் என்றார்கள்.  போனை வைத்துவிட்டேன்.

விசேஷம் இல்லாத நாட்களில் காமயகவுண்டன்பட்டிக்குப் போய் அவரை பைக்கில் ஏற்றிக் கையெழுத்துப் போடக் கூட்டிப்போகிறேன். டவுன் பஸ் நேரத்துக்கு வராது. ஒரு நாள் பிந்தினால் ஜாமீன் போய்விடும் என்று எனக்குப் பயம். முதல் வாரம் ஏற மாட்டேன் என்று நடந்தே போனார். பிறகு ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் ஏறிக்கொண்டார். அவர் மனைவி என்னைப் பார்ப்பதில்லை. வீட்டில் இருக்கும் நாளில் நான் போனால் உள்ளே போய்விடுவார்.

போன வாரம் நானும் அவரோடு உள்ளே போனேன். பதிவேட்டைப் புரட்டிக் கொடுத்த ஆள், "வெரசாப் போடுய்யா, நிறையப் பேரு நிக்கிறாக" என்றார். இவர் அவசரப்படவில்லை. இடது கையால் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாக வைத்தார். மேலே, அதற்கு மேலே, பக்கம் முழுக்க, ஒரு நாளைக்கு ஒன்றாக அவர் பெயர்தான். என் நன்றி அட்டையை நிறுத்தி வைத்ததுபோல் இருந்தது.

வெளியே வந்து பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். நான் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் சொன்னார்:

"இப்பக் கையி பழகிருச்சு தம்பி. முன்னெல்லாம் நடுவுல ஒரு எழுத்து விட்டுப்போகும்."